நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி

அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது ஒரு தொழில் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். அதைத்தான் எல்லோரும் சும்மா செய்துகொண்டிருக்கிறோமே, அதற்கு ஒரு ஒவ்வீஸும் கதிரையும் எதற்கு என்பார்கள். ஆனால் எழுதியவரை எதிரே இருத்தி வைத்துக்கொண்டு, அவர் முகம் கோணாமல், அதே நேரம் அவர் திருத்தும்படியாக ஒரு குறையைச் சொல்லிப் பாருங்கள். மைத்துனர் எழுதிய வாழ்த்துமடலையோ மனேஜர் எழுதிய அறிக்கையையோ கையில் வாங்கி, "எப்பிடி இருக்கு?" என்ற கேள்விக்கு முழிசிக்கொண்டு நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் பட்ட பாடு உங்களுக்கு உடனே விளங்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஆறு வருடம் போத்தல் மூடிகளைப் பெட்டியில் அடுக்கிய பிறகு, பின்னேர வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் எடுத்து, ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் மூன்று மாதத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். கம்பனியின் புரோகிராம், மாடிக் கட்டடங்களைச் சூடாக்கும் பொயிலரைக் கொம்பியூட்டரில் இருந்தபடி கவனித்துக்கொள்ளும். அதற்கான கைநூலை எழுதுகிறவர் வெண்டி. அவர் எழுதிய நகலைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொயிலருக்குப் பக்கத்தில் நின்றவன் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். மூன்று மாதம் முடிய வெண்டி என்னைப் பற்றி ஒரு மதிப்பீடு எழுதுவார். அது நல்லதாக அமைந்தால் வேலை நிரந்தரம்.

அந்த நிரந்தரம் எனக்கு மட்டும் வேண்டியதாக இருக்கவில்லை. என் மனைவி பவானியின் தாயார் கொழும்பில் ஒரு வாடகை அறையில் தனியே இருந்தார். அவரை இங்கே எடுப்பதற்கு நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று கட்டாயம் என்று எங்கள் குடிவரவு விண்ணப்பத்தைப் பார்த்தவர் சொல்லியிருந்தார். ரெலிபோன் எடுத்தபோதெல்லாம் மாமி வேறு எதுவும் கேட்பதில்லை. "கடிதம் தந்திட்டாங்களோ?" என்பார். நான், "இன்னும் கொஞ்ச நாள் மாமி" என்பேன். தன் நகலை நான் எப்படிக் குறை சொல்கிறேன் என்பதில் கொழும்பில் ஒரு மனுஷியின் பிரயாணம் தங்கியிருப்பது வெண்டிக்குத் தெரியாது.

உப்பு முன்னுக்கு நிற்கிறது

வெண்டிக்கு ஐம்பது வயதுக்கு மேலே. இருபது வருடமாகக் கைநூல் எழுதுகிறவர். என் பெயர் லோகநாதன். அது வாயில் வராமல் "நேதன்" ஆக்கிக்கொண்டார். முதல் நாளே ஒரு கட்டுத் தாளைத் தந்து, "மனதில் பட்டதை எழுது" என்றார். வாசித்தேன். நல்ல எழுத்து. ஆனால் நாற்பத்தோராம் பக்கத்தில் என் கண் குத்திக்கொண்டு நின்றது. கொம்பியூட்டர் நின்றுபோனால் பொயிலரைக் கையால் இயக்குவது எப்படி என்ற பகுதி அது. பக்கத்தின் கடைசி வரி, "பொயிலர் சுவிட்சைப் போடவும்." தாளைத் திருப்பினால் நாற்பத்திரண்டின் முதல் வரி, "அதற்கு முன்னர் தண்ணீர்ப் பம்ப் ஓடுவதை உறுதிசெய்யவும்." பம்ப் ஓடாமல் பொயிலரைப் போட்டால் அது சூடேறி, பாதுகாப்புப் பூட்டு விழுந்து நின்றுவிடும். பிறகு மெக்கானிக் வரும்வரை கட்டடம் முழுவதும் குளிரில் இருக்கும்.

இதை எப்படிச் சொல்வது? வயதில் மூத்தவர், இருபது வருட அனுபவம், என் மதிப்பீட்டை எழுதப்போகிறவர். எங்கள் வீடுகளில் விருந்துக்குப் போய் உப்புக் கூடிய கறியைத் தின்றுவிட்டு என்ன சொல்வோம்? "கறி நல்லாயிருக்கு, உப்புத்தான் கொஞ்சம் முன்னுக்கு நிக்குது" என்போம். சமைத்தவர் அதிலேயே எல்லாவற்றையும் விளங்கிக்கொள்வார். அந்தப் பழக்கத்தில் நானும் நாற்பத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து, "மிகவும் நன்று. நேரம் கிடைத்தால் இந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் வெண்டி என் மேசைக்கே வந்து, மனம் நிறைந்த சிரிப்போடு சொன்னார்: "இன்னொரு தடவை பார்த்தேன், நேதன். அழகான பக்கம். மிக்க நன்றி."

சிவப்புப் பேனை

இரண்டு கிழமை இப்படியே போனது. நான் புள்ளி வைப்பதும் வெண்டி நன்றி சொல்வதுமாக இருந்தோம். மனேஜர் கோர்டன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உன் குறிப்புகள் மிகவும் மரியாதையானவை. எனக்கு அவற்றைக் கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை" என்றார். நேரடியாகச் சொல்லப் பழகாவிட்டால் இந்த வேலை எனக்குச் சரிவராது என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் மனக்கண்ணில் போத்தல் மூடிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வீட்டில் பவானியிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த நாள் சிவப்புப் பேனை ஒன்று வாங்கினேன். எனக்கு ஒரு குணம். ஒன்றில் பூனைபோல இருப்பேன், இல்லையென்றால் சாமி வந்தவன்போலச் சன்னதம் கொண்டுவிடுவேன். நூற்றிருபது பக்கத்திலும் பேனையை ஓட்டினேன். "பிழை." "ஏன்?" "இது யாருக்கு விளங்கும்?" "இந்த வசனம் தேவையில்லை." கால்புள்ளிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்று மத்தியானம் வெண்டி சாப்பாட்டு அறைக்கு வரவில்லை. ஜன்னலால் பார்த்தேன், வாகனத் தரிப்பிடத்தில் தன் காருக்குள் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒரு மணிக்குத் திரும்பி வந்து நகலை என் முன்னால் வைத்தார். கண் சிவந்திருந்தது, குரல் நிதானமாக இருந்தது. "இருநூற்றுச் சொச்சம் குறிப்பு. எண்ணிப் பார்த்தேன். இதில் எதைத் திருத்தாமல் விட்டால் ஒரு மனிதர் குளிரில் இருப்பார்? அதை முதலில் சொல். மற்றதையெல்லாம் பிறகு பார்ப்போம்."

அட்டை நல்ல வடிவு

"நாற்பத்தொன்று" என்றேன். இந்த முறை புள்ளியும் இல்லை, சிவப்பும் இல்லை, வாயாலே சொன்னேன். வெண்டி அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். யாரும் இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் கை வைப்பார்கள் என்பது அவர் கட்சி. வாசித்து முடிக்க முதலே கை போய்விடும் என்பது என் கட்சி. கோர்டன் நடுவே புகுந்து, உண்மையான ஆள் ஒருவரிடம் நகலைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்.

டோர்செட் பார்க்கில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் எங்கள் புரோகிராமைப் பரீட்சார்த்தமாகப் போட்டிருந்தோம். அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள், இங்கே சொல்வதுபோல அதன் "சுப்பர்", எங்கள் நடராசா அண்ணை. தண்ணீர்க் குழாய் தொடக்கம் லிப்ட் வரை எல்லாவற்றுக்கும் அவரைத்தான் தட்டி எழுப்புவார்கள். சனிக்கிழமை காலை போனேன். மனுஷன் வெள்ளைச் சேர்ட்டு போட்டு, தலை வாரி இழுத்து, கலியாண வீட்டுக்குப் போகிறவர்போலக் காத்திருந்தார். அவருடைய மனைவி புஷ்பம் அக்கா மேசை நிறைய றோல்ஸும் பற்றீஸும் வைத்திருந்தார்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பக்கத்துக்கு ஒரு தரம் தலையாட்டினார். "விளங்குதோ அண்ணை?" என்றால், "ஓம், ஓம், நல்ல விளக்கம்." "நாற்பத்தோராம் பக்கம்?" "அதுகும் நல்லாத்தான் கிடக்கு." குறை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ, அதற்காகத்தான் வந்தனான் என்று கெஞ்சிப் பார்த்தேன். கையில் கொண்டுபோன படிவத்தில் ஒரு வரிகூட நிரம்பவில்லை, வயிறுதான் நிரம்பியது. கடைசியாக ஒரே ஒரு கருத்து, ஒரே ஒன்றாவது சொல்லுங்கோ என்றேன். அவர் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அட்டை நல்ல வடிவு. இன்னொரு றோல் எடுங்கோ."

பவானியின் ரெலிபோன்

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் சோபாவில் சுருண்டு கிடந்தேன். திங்கட்கிழமை வெண்டியிடம் வெறும் படிவத்தைக் கொடுத்தால் கதை முடிந்தது. நாற்பத்தோராம் பக்கம் அப்படியே அச்சுக்குப் போகும், என் சிவப்புப் பேனை மதிப்பீட்டுக்குள் போகும், மாமி கொழும்பிலேயே இருப்பார். பவானி குசினிக்குள் நின்று ரெலிபோனைத் தோளில் இடுக்கியபடி யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணித்தியாலம் கதைத்தாள். பிறகு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "நடராசா அண்ணைக்கு உங்கடை புத்தகம் விளங்கேல்லையாம்."

நான் எழும்பி உட்கார்ந்தேன். கதைத்தது புஷ்பம் அக்காவோடு. நான் படியிறங்கின கையோடு அண்ணை மனிசியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருக்கிறார். பொயிலர் அறைக்குள் நிற்கும்போது தன் இரண்டு கையிலும் கிறீஸ் இருக்குமாம். தாளைத் திருப்பினால் புத்தகம் கறுத்துப்போகும் என்று திருப்புவதில்லையாம். விரித்து வைத்த பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைச் செய்வாராம். மற்றப் பக்கத்தில் இருப்பதை மெக்கானிக் வந்து செய்வாராம். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது, கோபமும் வந்தது. மூன்று மணித்தியாலம் இருந்து கேட்டேனே, என்னிடம் ஒரு சொல் சொன்னாரா என்று பொரிந்து தள்ளினேன். பவானி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கேட்டா அவர் முகத்துக்கு நேரை சொல்லுவாரோ? என்ரை சமையலைப் பற்றி நீங்கள் எப்பவெண்டாலும் எனக்குச் சொன்னியளோ? உங்கடை அக்காவுக்குத்தானே ரெலிபோன் எடுத்துச் சொல்லுறனீங்கள்."

கறுத்த கை

திங்கட்கிழமை வெண்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். என் மனைவிக்கு அவருடைய மனைவி சொன்னது என்றேன். கோர்டன் சிரித்தார். வெண்டி சிரிக்கவில்லை. கையில் கிறீஸ் இருந்தால் தாளைத் திருப்ப மாட்டார்கள் என்ற வசனத்தைத் தன் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டு, "நான் பார்க்க வேண்டும்" என்றார்.

வெள்ளைக்காரப் பெண் வந்து நின்றால் அண்ணை இன்னும் அதிகமாகத் தலையாட்டுவாரே என்று எனக்குப் பயம். அதற்கும் வழி சொன்னது பவானிதான்: ஒன்றும் கேட்க வேண்டாம், வேலையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நில்லுங்கோ. ஆகவே புதன்கிழமை நாங்கள் போனபோது நடராசா அண்ணையிடம் கருத்து எதுவும் கேட்கவில்லை. பொயிலருக்குப் போகும் மின்சாரத்தை முதலே நிறுத்திவிட்டு, "கொம்பியூட்டர் நிண்டுபோச்செண்டு வையுங்கோ அண்ணை. இப்ப என்ன செய்வியள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் வெள்ளைச் சேர்ட்டுக் கையை மடித்துவிட்டு, ஒரு வால்வைத் திருகினார். உடனேயே கை கறுத்துவிட்டது. முழங்கையால் புத்தகத்தை விரித்து நாற்பத்தோராம் பக்கத்தைப் பிடித்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தார், ஒவ்வொன்றாகச் செய்தார். கடைசி வரி வந்தது. கை நேரே பொயிலர் சுவிட்சுக்குப் போய், "டக்" என்று போட்டது. பம்ப் சுவிட்ச் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் சுவரிலேயே இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து, "சரிதானே?" என்றார்.

வெண்டி அவருக்கு நன்றி சொல்லிக் கையை நீட்டினார். அண்ணை தன் கறுத்த கையைக் காட்டித் தயங்கினார். வெண்டி அந்தக் கையை அப்படியே பிடித்துக் குலுக்கினார். திரும்பிவரும்போது வெண்டி காரை ஓட்டினார். கோபமாக இருக்கிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, கறை பிடித்த தன் உள்ளங்கையை ஸ்ரியரிங்கில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருபது வருடமாக நான் சுத்தமான கைகளுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்."

இரண்டாவது மருமகன்

நாற்பத்தோராம் பக்கம் திருந்தியது. பம்ப் முதலாவது வரியானது. கையால் இயக்கும் பகுதி முழுவதும் ஒரே பக்கத்துக்குள் வந்தது. ஆனால் கொம்பியூட்டர் நின்று, கையும் கறுத்து நிற்கிற மனிதர் நூற்றிருபது பக்கத்துக்குள் அந்த ஒரு பக்கத்தை எப்படித் தேடிப் பிடிப்பார்? அதற்கு விடை ஒவ்வீஸில் கிடைக்கவில்லை. எங்கள் அப்பாட்மென்றில், ஐந்தாம் மாடியில் இருந்த தவம் அண்ணை மூலம் வந்தது. அவருடைய தகப்பனார் காலமாகி முப்பத்தோராம் நாள் வருகிறது. வழக்கப்படி வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, தகப்பனாரின் வரலாறும் இரங்கற்பாக்களும் வம்சவழியும் சேர்த்து ஒரு கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறார். "நீர் புத்தகம் திருத்திற ஆள்தானே, ஒருக்காப் பாரும்" என்று நகலைக் கொண்டுவந்தார்.

மூன்று மாதத்துக்கு முதல் என்றால் வெண்பாவின் தளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன், அல்லது "நல்லாயிருக்கு அண்ணை" என்று கையில் திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்போது வெண்டியின் கேள்விதான் மனதில் ஓடியது. இதில் எதைத் திருத்தாவிட்டால் யாருக்கு நோகும்? பாட்டுகளைத் தாண்டிப் போய் வம்சவழிப் பக்கத்தைப் பிடித்தேன். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று விரலால் எண்ணிக்கொண்டு வந்தேன். மூன்று மகள்மாருக்கு இரண்டு மருமகன்தான் இருந்தார்கள். இரண்டாவது மருமகனைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் தகப்பனாரைக் கடைசி ஆறு மாதமும் தூக்கிப் பறித்துப் பராமரித்தவர் அவர்தான். தவம் அண்ணைக்கு முகம் வெளுத்துவிட்டது. கதிரையில் இருந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தப்பினன் தம்பி. பாட்டை ஆர் வாசிக்கிறது? புத்தகத்தைக் கையிலை வாங்கினவுடனை எல்லாரும் முதல் தன்ரை பேர் எங்கை கிடக்கெண்டுதானே பாப்பினம்."

நிறுவனரின் படம்

அவர் போன பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பொயிலர் அறையில் நிற்கிற நடராசா அண்ணையும் புத்தகத்தை விரித்தவுடன் தன்னைத்தான் தேடுவார். அவருக்கு அந்த நேரத்தில் பெயர் ஒன்றும் இல்லை. "ஹீற் வரேல்லை", அதாவது கட்டடத்துக்குச் சூடு வரவில்லை என்பதுதான் பெயர். மறுநாள் வெண்டியிடம் ஒரே ஒரு குறிப்பைத்தான் கொண்டுபோனேன். ஆள் எதைத் தேடி வருவாரோ அதை முதல் பக்கத்தில் போடுவோம்: ஹீற் வரவில்லை என்றால் எந்தப் பக்கம், கொம்பியூட்டர் நின்றுவிட்டால் எந்தப் பக்கம், எச்சரிக்கை மணி அடித்தால் எந்தப் பக்கம். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். முழங்கையால் விரிக்கிறவருக்கும் எட்டத்தில் இருந்து தெரியட்டும். வெண்டி நகலின் தொடக்கத்தைப் புரட்டினார். எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த முதல் பக்கங்களில் இருந்தது அவர் ஆசையாக எழுதிய நான்கு பக்க முன்னுரை. பிறகு அவரே அதைக் கழற்றி எடுத்தார். "அது எனக்காக எழுதியது" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அதைக் கேட்டு எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

முன்னுரையோடு சேர்ந்து இன்னொன்றும் இடம்பெயர வேண்டி வந்தது. கம்பனியைத் தொடங்கியவரின் படம், முழுப் பக்கத்தில், சிரித்துக்கொண்டு இருந்தது. அதைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கோர்டனிடம் சொன்னோம். கோர்டன் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நாடியைத் தடவினார். "நியாயமான கருத்துத்தான். ஆனால் நிறுவனர் என் மாமனார். இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. நேதன், உன் மனைவிக்கு என் மனைவியோடு ரெலிபோனில் கதைக்க நேரமிருக்குமா?"

முதற்குளிர்

ஒக்ரோபர் கடைசியில் குளிர் ஒரே நாளில் இறங்கியது. காலையில் கார்களின் கண்ணாடியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. என் மூன்று மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. பத்து மணிபோலக் கோர்டன் ஓடிவந்து, டோர்செட் பார்க் கட்டடத்துக் கொம்பியூட்டரிடமிருந்து விடியற்காலை தொடக்கம் தகவல் எதுவும் வரவில்லை என்றார். புதுக் கைநூல் அங்கே போய் ஒரு கிழமைதான். பதினெட்டு மாடி. குழந்தைகள் இருக்கிற வீடுகள். நடராசா அண்ணையின் ஒவ்வீஸுக்கு எடுத்தால் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. வெண்டி தன் மேசையில் கோப்பி ஆறிக்கொண்டிருக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு எடுத்து, புஷ்பம் அக்காவிடம் விசாரிக்கும்படி பவானியிடம் சொன்னேன். பத்து நிமிடம் அவள் எடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைப்போல நீண்ட நேரம் எனக்குக் கனடாவில் வாய்த்ததில்லை.

பிறகு எடுத்தாள். கொம்பியூட்டர் காலை ஐந்தரைக்கே நின்றுவிட்டதாம். அண்ணை முதல் பக்கத்தைப் பார்த்து, அங்கிருந்து கையால் இயக்கும் பக்கத்துக்குப் போய், பம்பைப் போட்டு, பொயிலரைப் போட்டுவிட்டு மேலே வந்து தேத்தண்ணி குடித்தாராம். இப்போது மூன்றாம் மாடியில் யாருடையதோ குளியலறைக் குழாய் திருத்துகிறாராம். கட்டடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதாம். நான் ரெலிபோனின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வெண்டியைப் பார்த்து, "ஹீற் இருக்கிறது" என்றேன். வெண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகக்கூட இருக்கவில்லை. மறுமுனையில் பவானி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள்: "புஷ்பம் அக்கா இன்னொண்டும் சொன்னவ, கேளுங்கோ. புத்தகம் இப்ப நல்லாக் கறுத்துப்போச்சாம். அட்டையும் முந்தின மாதிரி வடிவில்லையாம்."

மதிப்பீட்டின் நகல்

கடைசி நாள். வெண்டி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். என்னைப் பற்றிய மதிப்பீடு. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "இதுவும் நகல்தான். படித்துக் கருத்துச் சொல்" என்று ஒரு பென்சிலையும் தந்தார். வேறு யாருக்கும் இப்படி ஒரு சோதனை வந்திராது. வாசித்தேன். நிரந்தரமாக்கும்படி சிபாரிசு செய்திருந்தார். எழுத்துகள் ஒருமுறை கண்ணுக்குள் மிதந்தன. திரும்ப வாசித்தேன். மூன்றாவது வரியில் மனம் தடக்கியது. "முதல் கிழமையிலிருந்தே நாற்பத்தோராம் பக்கத்தின் பிழையைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்" என்று எழுதியிருந்தார்.

உண்மை அதுவல்ல. முதல் கிழமையில் நான் வைத்தது ஒரு புள்ளி. பிழையைக் கண்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த வரியை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் என்ன ஆகுமோ தெரியாது. கொழும்பில் மாமி ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணில் வந்தது. ஆனால் இவ்வளவும் பட்ட பிறகு இதிலும் புள்ளி வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஓரத்தில் எழுதினேன்: "இந்த வரி பிழை. முதல் கிழமையில் நான் சொல்லவில்லை. பயந்தேன்." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெண்டி வாசித்தார். "இதைத் திருத்தாவிட்டால் யாராவது குளிரில் இருப்பார்களா?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். இழுப்பறையிலிருந்து அழிறப்பரை எடுத்து, என் குறிப்பை மெதுவாக அழித்து, தூசியை ஊதிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். "உன் குறிப்பைப் பார்த்தேன், நேதன். தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் எழுதியவர் நான், ஏற்கவில்லை."

அடுத்த கோடையில் மாமி வந்து இறங்கி, குசினியைத் தன் பொறுப்பில் எடுத்து, முதல் நாளே உப்புச் சற்று முன்னுக்கு நிற்கிற ஒரு மீன்குழம்பும் வைத்தார். குறையை நேரே சொல், ஒன்றை மட்டும் சொல், யாருக்கு நோகும் என்று பார்த்துச் சொல் என்று தொழிலில் கற்றதையெல்லாம் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, நான் எழும்பிப் போய் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.